மழைக்காலத்தில் வீட்டு ஜெனரேட்டர்: புதிதாக வாங்கியவர்களுக்கு

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் லட்சத்துக்கு மேல் மின்கம்பங்கள் சாய்ந்தன. எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர இருபது நாளுக்கு மேல் ஆனது. அதற்கு முன்பு டெல்டாவில் ஜெனரேட்டர் என்றால் கல்யாண மண்டபத்துச் சமாசாரம். அதற்குப் பிறகு கையால் தூக்கி வைக்கக்கூடிய சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர் பல வீடுகளுக்குள் வந்துவிட்டது. இன்சுலின் போடுபவரோ நெபுலைசர் வைத்துக்கொள்ளும் பெரியவரோ இருக்கும் வீட்டில் அது தேவைதான். வாங்கியதில் தப்பில்லை.

ஆனால் நமக்கு ஒரு சிக்கல் உண்டு. இன்ஜின் நமக்குப் பழக்கம். ஆற்றில் தண்ணீர் வராத வருஷங்களில் டீசல் இன்ஜின் வைத்து நாற்றங்காலுக்கு இறைத்தவர்கள் நாம். அந்தத் தைரியத்தில் ஜெனரேட்டரையும் அதே மாதிரி கையாள்கிறோம். வயலில் நாலு பக்கமும் காற்று இருக்கிறது, வீட்டில் சுவர் இருக்கிறது. வயல் இன்ஜின் யாருடைய கரண்ட் கம்பியோடும் சேர்வதில்லை, வீட்டு ஜெனரேட்டர் சேரும். ஆபத்தெல்லாம் இந்த இரண்டு வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

கஜா முடிந்து ஐந்தாம் நாள் எங்கள் பெரியப்பா வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பழைய ஓட்டு வீடு, நடுவில் முற்றம். மேலே வானம் தெரிகிறதே, புகை போய்விடும் என்று வாடகை ஜெனரேட்டரை முற்றத்தில் வைத்தார்கள். சுற்றிக் கூடத்தில் பதினோரு பேர் படுத்திருந்தோம். ஒன்பது மணிக்கு எனக்குத் தலைவலி ஆரம்பித்தது. பத்து மணிக்குச் சின்னக் குழந்தை வாந்தி எடுத்தது. ‘நாலு நாளாத் தூக்கம் கெட்டுக் கிடக்கு, அதான்’ என்றார் அத்தை. எல்லோரும் அதை நம்பினோம். பதினொரு மணி வாக்கில் வெளியூரிலிருந்து வந்த அண்ணன் உள்ளே நுழைந்தார். ஆளாளுக்குத் தலையைப் பிடித்துக்கொண்டு கிடப்பதைப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசாமல் போய் ஜெனரேட்டரை நிறுத்தினார், எங்களை வாசலுக்கு விரட்டினார். வாசலில் அரை மணி நேரம் உட்கார்ந்த பிறகுதான் தலை தெளிந்தது. அவர் வராமல் நாங்கள் தூங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

ஜெனரேட்டர் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற வாயு இருக்கிறது. நிறம் கிடையாது, வாசனை கிடையாது. நாம் முகர்வது பெட்ரோல் புகையின் வாசனையைத்தான். அந்த வாசனை குறைந்தாலும் வாயு இருக்கும். இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாகப் பிடித்துக்கொள்ளும். மூச்சு ஒழுங்காக வந்துபோகும், ஆனால் உடம்புக்கு ஆக்சிஜன் போய்ச் சேராது. தூங்குகிறவர் தூக்கத்திலேயே மயங்கிவிடுவார்.

முதலில் இடம்

வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, திறந்த வெளியில் வையுங்கள். சைலன்சர் முனை உங்கள் வீட்டுப் பக்கமும் பார்க்கக்கூடாது, பக்கத்து வீட்டு ஜன்னல் பக்கமும் பார்க்கக்கூடாது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பாருங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பெரும்பாலும் வாடை அடிக்கும். வீட்டுக்கு வடகிழக்கில் வைத்தால் புகை நேரே வீட்டுக்குள்தான் வரும். ஜெனரேட்டர் இருக்கும் பக்கத்து ஜன்னல், கதவுகளைச் சாத்திவிடுங்கள்.

வைக்கக்கூடாத இடங்களை நம் வீடுகளை வைத்தே சொல்கிறேன்: முற்றம், ரேழி, திண்ணை, மாடிப்படிக்குக் கீழே, போர்டிகோ, கார் ஷெட், மொட்டை மாடியில் படிக்கட்டு அறை, கொல்லையில் மாட்டுக் கொட்டகை. மாட்டுக்கும் அதே வாயுதான், அதே சாவுதான். ஜன்னலைத் திறந்து வைத்தேன், எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டேன் என்பதெல்லாம் போதாது.

இதெல்லாம் தெரிந்தவர்களும் ஜெனரேட்டரை உள்ளே இழுத்து வைக்கிறார்கள். ஏன் என்று கேட்டுப் பார்த்திருக்கிறேன். மூன்று காரணம் சொல்கிறார்கள்: மழை, திருட்டு, பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் போடுவார். மூன்றும் நியாயமான காரணங்கள்தான். அதனால் மழை வருவதற்கு முன்பே மூன்றுக்கும் வழி செய்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அடைமழை ராத்திரியில் கை தானாக அதை உள்ளேதான் இழுக்கும்.

மழைக்கு: கொல்லையில் நாலு இரும்புக் கால் நட்டு மேலே தகரம் போடுங்கள். நாலு பக்கமும் திறந்திருக்கட்டும். தகரம் மெஷினுக்கு மேலே ஆளுயரத்துக்குக் குறையக்கூடாது, சாரல் அடிக்காத அளவுக்கு நீட்டி இறக்குங்கள். கீற்றுக் கொட்டகை வேண்டவே வேண்டாம். சைலன்சர் சூட்டில் கீற்றும் வைக்கோலும் பிடித்துக்கொள்ளும். வைக்கோல் போர் பக்கத்தில் இருந்தால் இடத்தையே மாற்றுங்கள். தார்ப்பாயை மெஷின் மேல் போர்த்தி ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மெஷினும் கெடும், தீயும் பிடிக்கும்.

தரை அடுத்த விஷயம். நம் மண் களிமண், நாலு நாள் மழையில் கால் புதையும். சமதளமாக ஒரு சிமெண்ட் மேடை போடுங்கள். எங்கள் ஊரில் 2018-இலும் அதற்குப் பிந்தைய மழைகளிலும் கொல்லையில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றதோ அதைவிட ஒரு சாண் கூடுதலாக எங்கள் மேடையைக் கட்டினோம். உங்கள் கொல்லைக்கு உங்கள் கணக்கு. மெஷின் சாய்ந்து நின்றால் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி இன்ஜின் கடிக்கும்.

திருட்டுக்கு: மேடைக்குள் ஒரு இரும்பு வளையம் புதைத்து, தடித்த சங்கிலியும் பூட்டும். ஓடும்போதும் பூட்டியே இருக்கட்டும்.

சத்தத்துக்கு: பக்கத்து வீட்டில் முன்கூட்டியே போய்ச் சொல்லுங்கள். சாயங்காலம் இரண்டு மூன்று மணி நேரம்தான் ஓட்டுவோம், உங்கள் போனையும் டார்ச்சையும் கொண்டுவந்து சார்ஜ் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொன்னால் சண்டையே வராது. ராத்திரி முழுக்க ஓட்டக்கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் இருக்கிறது. அதைக் கீழே சொல்கிறேன்.

வீட்டு வயரிங்கோடு சேர்ப்பது

இதைப் பொறுமையாகப் படியுங்கள். இங்கே தப்பு செய்தால் சாவது நாமாக இல்லாமல் இன்னொருவராக இருக்கலாம்.

ஒரு வயரின் இரண்டு முனையிலும் பிளக் மாட்டி, ஒன்றை ஜெனரேட்டரிலும் மற்றொன்றைச் சுவர் பிளக் பாயிண்டிலும் சொருகி வீடு முழுக்கக் கரண்ட் கொடுப்பவர்கள் உண்டு. மெயின் சுவிட்சை அணைக்க ஒரு தடவை மறந்தால் போதும். நம் 230 வோல்ட் சர்வீஸ் வயர் வழியாகத் தெருக் கம்பத்துக்கு ஏறி, டிரான்ஸ்ஃபார்மருக்குப் போகும். டிரான்ஸ்ஃபார்மர் இரண்டு பக்கமும் வேலை செய்யும். 11,000 வோல்ட்டை வீட்டுக்காகக் குறைத்துக் கொடுப்பது போலவே, நாம் தள்ளிவிடும் 230 வோல்ட்டை மறுபக்கம் 11,000 ஆக ஏற்றியும் கொடுக்கும். லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பிக் கம்பத்தில் ஏறியவர் அங்கே தொங்குவார். புயலுக்குப் பிறகு வெளி மாவட்டங்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து, சோறு தண்ணீர் ஒழுங்காகக் கிடைக்காமல் இடுப்பளவு தண்ணீரில் நின்று கம்பம் நட்டார்கள். அவர்களுக்கு நாம் செய்யக்கூடிய உதவி இந்த ஒரு வயரை வீட்டில் வைத்துக்கொள்ளாமல் இருப்பது. போதாததற்கு, அந்த வயரின் ஒரு பிளக் கழன்றால் அதன் பித்தளைக் கால்களில் கரண்ட் இருக்கும். குழந்தை தொட்டால் போச்சு.

சரியான வழி இரண்டு உண்டு.

ஒன்று, வீட்டு வயரிங்கைத் தொடவே வேண்டாம். ஜெனரேட்டரிலிருந்து ஒரு நல்ல எக்ஸ்டென்ஷன் வயர் இழுத்து, ஃபிரிட்ஜ், டேபிள் ஃபேன், சார்ஜர் இவற்றை நேராக அதில் சொருகுவது. புதியவர்கள் இதிலேயே தொடங்குங்கள் என்பேன். வயர் மூன்று கோர் செம்பு, 2.5 சதுர மில்லிமீட்டர் இருக்கட்டும். வெளியில் போடத் தகுந்த ரப்பர் உறை வேண்டும். சுருட்டி வைத்த வயரில் லோடு போனால் சூடேறி உருகும், அதனால் முழுக்கப் பிரித்துப் போடுங்கள். தரையில் தண்ணீர் நின்றால் வயரைக் கொம்பு நட்டு மேலே கட்டிக் கொண்டுவாருங்கள். ஜங்ஷன் பாக்ஸ் வீட்டுக்குள், தரைக்கு மேலே இருக்க வேண்டும்.

இரண்டு, சேஞ்ச் ஓவர் சுவிட்ச். ஒரு பக்கம் தள்ளினால் மின்வாரியக் கரண்ட், மறுபக்கம் தள்ளினால் ஜெனரேட்டர். இரண்டும் ஒரே நேரத்தில் சேரவே முடியாது. உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை வைத்துத்தான் போட வேண்டும். அவரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். பேஸ் மட்டுமில்லாமல் நியூட்ரலையும் சேர்த்து மாற்றும் சுவிட்சா? ஜெனரேட்டருக்கு எர்த் கொடுத்தாயிற்றா? ஜெனரேட்டரில் ஓடும்போதும் வீட்டு ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானாக அணைக்கும் சுவிட்ச்) டிரிப் ஆகிறதா? பல சின்ன ஜெனரேட்டர்களில் நியூட்ரல் எர்த்தோடு சேராமல் தனியாக இருக்கும். அப்படி விட்டால் ஷாக் அடித்தாலும் டிரிப் ஆகாது. அவர் அதைச் சரிசெய்து, சோதித்தும் காட்ட வேண்டும். உங்களுக்கு மூன்று பேஸ் சர்வீஸ் என்றால் அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒற்றை பேஸ் ஜெனரேட்டரில் எந்த அறைகள் ஓடும் என்று பிரித்துத் தருவார். மூன்று பேஸ் மோட்டார் இதில் ஓடாது.

எவ்வளவு லோடு

மெஷின் பலகையில் இரண்டு எண் இருக்கும். ஒன்று தொடர்ந்து தரக்கூடியது, இன்னொன்று உச்சம். கடைக்காரர் பெரியதைத்தான் சொல்வார், நீங்கள் சின்னதைக் கணக்கில் வையுங்கள். அதிலும் முக்கால் பங்குக்கு மேல் ஏற்றாதீர்கள்.

தொடர்ந்து 1,600 வாட் தரும் மெஷின் என்று வைத்துக்கொள்வோம். 9 வாட் எல்.இ.டி. பல்பு ஆறு, 54. சீலிங் ஃபேன் மூன்று, 225. ஃபிரிட்ஜ் ஓடும்போது சுமார் 150. டிவி 80. போன்கள் 40. இன்வெர்ட்டர் பேட்டரி சார்ஜ் ஆக 250. மொத்தம் ஏறக்குறைய 800. பாதிதானே என்று தோன்றும். ஆனால் ஃபிரிட்ஜ் கிளம்பும் நொடியில் மூன்று நாலு மடங்கு இழுக்கும், அந்த இடைவெளி அதற்குத்தான். மிக்சி போட வேண்டுமானால் டிவியை அணைத்துவிட்டுப் போடுங்கள். அயர்ன் பாக்ஸ், ஹீட்டர், இண்டக்‌ஷன் அடுப்பு, ஏசி பக்கம் போகாதீர்கள். ஒரு குதிரைத்திறன் தண்ணீர் மோட்டார் ஓடும்போது ஆயிரம் வாட் போல எடுக்கும், கிளம்பும்போது மூவாயிரத்தைத் தாண்டும். அதை இந்த மெஷின் தாங்காது. மோட்டாருக்காகத்தான் வாங்குகிறீர்கள் என்றால் அதை முதலிலேயே சொல்லிப் பெரியதாக வாங்குங்கள்.

பெட்ரோல்

சொந்த உபயோகத்துக்கு 30 லிட்டர் வரை உரிமம் இல்லாமல் வைத்திருக்க 1934-ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டம் இடம் தருகிறது. அவ்வளவு வேண்டாம், பத்து லிட்டர் போதும். புயல் எச்சரிக்கை வந்ததும் வாங்குங்கள். கஜா முடிந்த பிறகு பங்க்குகளில் நின்ற வரிசை எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. உலோகக் கேனில், இறுக மூடி, வீட்டுக்கு வெளியே நிழலில் வையுங்கள். அடுப்படியிலோ சாமி அறை பக்கமோ வேண்டாம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து போய் எங்கோ எரியும் விளக்கில் பற்றிக்கொண்டு திரும்பி வரும்.

ஓடும் மெஷினில் பெட்ரோல் ஊற்றவே கூடாது. நிறுத்தி, குறைந்தது 15 நிமிஷம் ஆறவிட்டு ஊற்றுங்கள். வெளிச்சத்துக்கு அரிக்கேன் விளக்கோ மெழுகுவர்த்தியோ வேண்டாம், டார்ச் மட்டும். கழுத்துவரை நிரப்பாமல் கொஞ்சம் இடம் விடுங்கள். சிந்தினால் துடைத்து, ஆவி போகும்வரை காத்திருங்கள். இதற்காகவே இருட்டும் முன், நாலு மணிக்கே நிரப்பிவிடுவது எங்கள் வீட்டு வழக்கம். பக்கத்தில் ஒரு உலர்பொடி தீயணைப்பான் இருக்கட்டும். பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றினால் தீ மிதந்து பரவும்.

ஓட்டுவதும் நிறுத்துவதும்

கிளப்பும் முன் ஆயில் அளவைப் பாருங்கள். வீட்டு லோடு எல்லாம் அணைந்திருக்கட்டும். காலில் செருப்பு, கையில் ஈரம் இல்லை. பெட்ரோல் டேப்பைத் திறந்து, சோக் இழுத்து, கயிற்றை முதலில் மெதுவாக இழுத்து, இறுக்கம் தெரிந்ததும் வேகமாக இழுங்கள். ஓடத் தொடங்கியதும் சோக்கை மெல்லத் தள்ளுங்கள். மூன்று நிமிஷம் வெறுமனே ஓடட்டும். அப்புறம் சேஞ்ச் ஓவரைத் தள்ளி, ஃபிரிட்ஜை முதலில், மற்றவற்றை ஒவ்வொன்றாகப் போடுங்கள். நிறுத்தும்போது தலைகீழ் வரிசை: எல்லாவற்றையும் அணைத்து, இரண்டு மூன்று நிமிஷம் வெறுமனே ஓடவிட்டு, நிறுத்தி, டேப்பை மூடுங்கள். கரண்ட் வந்துவிட்ட சந்தோஷத்தில் டேப்பை மறப்பவர்கள்தான் அதிகம்.

இனி ராத்திரி. ஆள் தூங்கும்போது ஜெனரேட்டர் ஓடக்கூடாது. 20 அடி தள்ளி வைத்திருந்தாலும் காற்று திரும்பலாம், விழித்திருப்பவர் ஒருவர் வேண்டும். இது இல்லாமல் ராத்திரியைக் கடத்த முடியும். ஆறு மணிக்குப் போட்டு ஒன்பது மணிக்கு நிறுத்துங்கள். அந்த மூன்று மணி நேரத்தில் போன் நிறையும், ஃபிரிட்ஜ் குளிரும், இன்வெர்ட்டர் பேட்டரியில் ஒரு ஃபேனும் ஒரு விளக்கும் சில மணி நேரம் ஓடும் அளவுக்கு ஏறும். ஃபிரிட்ஜ் கதவைத் திறக்காமல் இருந்தால் நாலு மணி நேரம் குளிர் தாங்கும். விடியற்காலை மறுபடி இரண்டு மணி நேரம் போடுங்கள். இன்சுலினைக் குளிர் போகாத மண்பானை ஈர மணலில் வைத்துக் காப்பது நம் கிராமங்களில் தெரிந்த வழிதான். நெபுலைசர் தேவைப்படுபவர் இருந்தால் அதைத் தூங்கும் முன் ஒருமுறை கொடுத்துவிடலாமா என்று மருத்துவரிடம் முன்னாலேயே கேட்டு வையுங்கள்.

பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஆன்லைனில் கிடைக்கிறது. படுக்கும் அறைக்குப் பக்கத்தில் ஒன்று மாட்டுங்கள். அது கத்தினால் ஏன் கத்துகிறது என்று ஆராயாமல் முதலில் எல்லோரும் வெளியே வாருங்கள்.

உடம்புக்கு ஏதாவது ஆனால்

வீட்டில் இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் தலைவலி, தலைசுற்றல், குமட்டல், கைகால் அசதி என்றால் காய்ச்சல் என்று நினைக்காதீர்கள். எல்லோரையும் வாசலுக்குக் கொண்டுவாருங்கள், மெஷினை நிறுத்துங்கள். மயங்கியவர் இருந்தால் இழுத்தாவது வெளியே கொண்டுவந்து 108-ஐக் கூப்பிடுங்கள். வருபவரிடமும் மருத்துவரிடமும் ‘ஜெனரேட்டர் புகை’ என்ற வார்த்தையை முதலில் சொல்லுங்கள். கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் பல வீடுகளில் இருக்கிறது. அதை விரலில் மாட்டி 98 காட்டுகிறதே என்று இருந்துவிடாதீர்கள். இந்த வாயு ஏறிய இரத்தத்தையும் ஆக்சிஜன் உள்ள இரத்தமாகத்தான் அந்தக் கருவி காட்டும். தலைவலி தெளிந்துவிட்டாலும், குழந்தை, கர்ப்பிணி, இதய நோயாளி இருந்தால் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.

ஷாக் அடித்தவரைக் கையால் பிடித்து இழுக்காதீர்கள். மெஷினை நிறுத்துங்கள், முடியாவிட்டால் காய்ந்த கட்டையால் வயரைத் தள்ளுங்கள். தெருவில் அறுந்து கிடக்கும் கம்பியைப் பார்த்தால் யாரையும் கிட்டே விடாமல், மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணுக்குச் சொல்லுங்கள். கரண்ட் இல்லாத நாளிலும் கிட்டே போகாதீர்கள். தெருவில் வேறு யார் வீட்டிலாவது அந்த இரட்டைப் பிளக் வயர் இருக்கலாம். லைன்மேன் உங்கள் தெருவுக்கு வந்தால் நீங்களே போய், எங்கள் வீட்டில் ஜெனரேட்டர் இருக்கிறது, சேஞ்ச் ஓவர் போட்டிருக்கிறோம் என்று சொல்லுங்கள்.

மழைக்கு முன்னும் பின்னும்

புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கரண்ட் இருக்கும்போதே, மெஷினை மேடையில் ஏற்றி ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். வீட்டில் உள்ள எல்லோரும், முக்கியமாகப் பெண்கள், கயிறு இழுக்கவும் நிறுத்தவும் பழகிக்கொள்ளட்டும். புயல் ராத்திரியில் ஆம்பளைகள் ஊரில் இல்லாமல் போகலாம். புது மெஷினுக்கு முதல் 20 மணி நேரம் ஓடியதும் ஆயில் மாற்றுங்கள், பிறகு 100 மணி நேரத்துக்கு ஒருமுறை. எந்த ஆயில் என்பது அதன் கையேட்டில் இருக்கும்.

இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. அது காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும், நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை. டேங்கில் மாசக்கணக்கில் விட்டால் தண்ணீர் பிரிந்து அடியில் தங்கும், கார்புரேட்டர் அடைக்கும், அடுத்த ஐப்பசியில் எத்தனை இழுத்தாலும் கிளம்பாது. அதனால் பொங்கல் கழிந்ததும் டேங்கிலிருந்து பெட்ரோலை வடித்து வண்டிக்கு ஊற்றிவிடுங்கள். பிறகு டேப்பை மூடி, கார்புரேட்டரில் மிச்சம் இருப்பது தீர்ந்து தானாக நிற்கும்வரை வெளியிலேயே ஓடவிடுங்கள். ஆறியதும் துணி போர்த்தி உள்ளே எடுத்து வைக்கலாம்.